அல்காக் பெயரில் இரண்டு சிப்பிகள்: ஆழ்கடல் சிற்றினப் பெயரிடலும் தமிழ்ப் பதிவுகளும்

அல்காக்கி என்ற சிற்றினப் பெயருடன் இரண்டு ஆழ்கடல் இருவோட்டுச் சிப்பிகள் உள்ளன. ஒன்று கஸ்பிடேரியா அல்காக்கி. மற்றொன்று புரோப்பியாமுசியம் அல்காக்கி. இரண்டும் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பல் கடலடியிலிருந்து வாரி எடுத்த பொருள்களின் வழியாக அறியப்பட்டவை. இரண்டுக்கும் பெயரிட்டவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எட்கர் ஆல்பர்ட் ஸ்மித். ஆண்டும் ஒன்றே, 1894. ஆனால் இன்றைய பட்டியல்களில் ஒன்றின் பெயருக்குப் பின் ஸ்மித் பிறைக்குறிக்குள் இருக்கிறார். மற்றொன்றில் பிறைக்குறி இல்லை.

இத்தகைய சிற்றினங்களுக்குக் கலைக்களஞ்சியங்களில் பெரும்பாலும் மூன்று வரிப் பதிவே கிடைக்கும். ஆங்கிலக் குறும்பதிவிலிருந்து தமிழுக்கு வரும்போது அதன் வார்ப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: இது கடலில் வாழும் ஒரு இருவோட்டு மெல்லுடலி; இதை ஸ்மித் 1894-ல் கண்டுபிடித்தார்; இது நீரை வடிகட்டி உண்ணும். இந்த மூன்று வரிகளில் முதல் வரி மட்டுமே சரி. இரண்டாவது வரி பெயரிடலைக் கண்டுபிடிப்பாக மாற்றிவிடுகிறது. மூன்றாவது வரி இந்த இரண்டு சிப்பிகளுக்கும் பொருந்தாது. இரண்டு பிழைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பெயரை ஒரு செய்தியாகப் படிக்காமல் அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொண்டதே காரணம்.

கப்பலும் அருங்காட்சியகமும்

ஆழ்கடல் ஆய்வின் தொடக்கமாகச் சொல்லப்படும் சேலஞ்சர் பயணம் 1872 முதல் 1876 வரை நடந்தது. அந்தக் கப்பல் வட இந்தியப் பெருங்கடலுக்குள் வரவில்லை. நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கே அண்டார்க்டிக் பக்கம் போய் மெல்போர்னை அடைந்தது. ஆகவே வங்காள விரிகுடாவின் அடியில் என்ன வாழ்கிறது என்ற கேள்விக்குச் சேலஞ்சர் அறிக்கைகளில் விடை இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது இன்வெஸ்டிகேட்டர்.

இது 1881-ல் பம்பாயில் கட்டப்பட்ட, துடுப்புச் சக்கரத்தால் ஓடும் நீராவிக் கப்பல். துறைமுகங்களுக்கும் கடற்கரைகளுக்கும் வரைபடம் தயாரிப்பதே அதன் முதன்மைப் பணி. விலங்குகளைச் சேகரிப்பது கூடுதல் வேலை. அதற்காகக் கப்பலின் மருத்துவரே இயற்கை ஆய்வாளராகவும் இருந்தார். 1888 முதல் 1892 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஆல்ஃபிரட் வில்லியம் அல்காக். பின்னர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். நண்டு, இறால், மீன், பவளம் ஆகியவற்றைப் பற்றி அவரே நிறைய எழுதினார். சிப்பிகளையும் சங்குகளையும் பெரும்பாலும் லண்டனுக்கு அனுப்பினார்.

லண்டனில் அவற்றைப் பெற்றவர் ஸ்மித். 1847-ல் பிறந்து 1916-ல் இறந்தவர். சேலஞ்சர் கொண்டுவந்த இருவோட்டுச் சிப்பிகள் பற்றிய 1885-ஆம் ஆண்டு அறிக்கையும் அவருடையதே. இன்வெஸ்டிகேட்டர் பொருள்களைப் பற்றி 1894 தொடங்கி 1906 வரை பல கட்டுரைகளை ஒரே ஆங்கில ஆய்விதழில் வெளியிட்டார். அவர் கப்பலில் சென்றவர் அல்லர். தன் மேசைக்கு வந்த ஓடுகளை ஏற்கெனவே பெயர் பெற்ற ஓடுகளுடன் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றுக்குப் புதுப் பெயர் கொடுத்தார். கண்டுபிடித்தது இழுவை வலை. சேறோடு வந்ததைச் சல்லடையில் கழுவிப் பிரித்தவர்கள் கப்பலில் இருந்தவர்கள். ஸ்மித் செய்தது விவரித்துப் பெயரிட்டது. தமிழில் 'ஸ்மித் விவரித்தார்' என்று எழுத ஒரு சொல்தான் மாற வேண்டும். ஆனால் அந்தச் சொல் மாறினால் மாணவருக்கு வேலைப் பிரிவினை முழுவதும் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இன்வெஸ்டிகேட்டர் விலங்குகளின் படத்தட்டுகள் கல்கத்தாவிலிருந்து தொடராக வெளிவந்தன. அத்தொடரின் மிகச் சிறந்த படங்களில் பல வங்காள ஓவியர்கள் வரைந்தவை. ஒரு சிற்றினத்தை அடையாளம் காணப் பல நேரங்களில் விவரிப்பைவிடப் படமே உதவும். அப்படியிருந்தும் பெயர்கள் அல்காக்குக்கும், மற்ற அதிகாரிகளுக்கும், கப்பலுக்குமே போயின. வலை இழுத்த கப்பல் தொழிலாளிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அல்காக் தகுதியற்றவர் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே ஆண்டில் இரண்டு சிப்பிகளுக்கு அவர் பெயரையே வைக்கும் அளவுக்கு ஸ்மித்தின் பெயர்ப் பட்டியல் குறுகியதாக இருந்தது என்பதே குறை.

பெயர் என்ன சொல்கிறது

கஸ்பிடேரியா அல்காக்கி இ. ஏ. ஸ்மித், 1894. இந்த வரியில் நான்கு செய்திகள் உள்ளன. முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் 'அல்காக்கினுடைய' என்ற பொருள் தரும் லத்தீன் வேற்றுமை வடிவம். ஆணின் பெயராக இருந்தால் இகரத்தில் முடியும். மூன்றாவது, பெயரிட்டவர். ஸ்மித் என்ற பெயரில் விலங்கியலாளர்கள் பலர் இருப்பதால் முன்னெழுத்துகளை விடக்கூடாது. நான்காவது, ஆண்டு. இரண்டு பெயர்கள் மோதும்போது எது முந்தியது என்று முடிவு செய்வது இந்த ஆண்டுதான்.

ஒரே ஆண்டில் ஒரே ஆசிரியர் இரண்டு சிப்பிகளுக்கு ஒரே சிற்றினப் பெயர் வைத்தது விதிமீறலா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. பேரினம் வேறாக இருக்கும்வரை சிற்றினப் பெயர் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். முருகேசன் என்ற பெயர் எல்லா ஊரிலும் இருப்பதைப் போல. ஒரே பேரினத்துக்குள் இரண்டும் வந்தால்தான் சிக்கல். இந்த இரண்டு சிப்பிகளும் உறவில் மிகத் தொலைவில் இருப்பதால் அப்படி நேர வாய்ப்பில்லை.

இனி பிறைக்குறி. புரோப்பியாமுசியம் அல்காக்கி (இ. ஏ. ஸ்மித், 1894) என்று எழுதினால், ஸ்மித் அந்தச் சிற்றினத்தை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார் என்று பொருள். அவர் வைத்தது அமுசியம் பேரினத்தில். கஸ்பிடேரியா அல்காக்கி அவர் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருப்பதால் அதற்குப் பிறைக்குறி இல்லை. தமிழில் தட்டச்சு செய்யும்போது முதலில் பலியாவது இந்தப் பிறைக்குறிதான். அழகுக்காக எடுத்துவிடுகிறார்கள். சிலர் எல்லாப் பெயர்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே அளவு தவறு. அந்தச் சிற்றினத்தின் வகைப்பாட்டு வரலாறு அந்த இரண்டு வளைகோடுகளுக்குள் இருக்கிறது.

இதை விளக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, பீளமேட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பீளை என்னும் பூளைச் செடி நிறைந்திருந்த மேடு என்பதால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் வேப்பிலை, ஆவாரம்பூவுடன் சேர்த்துக் காப்புக் கட்டும் பூளைப்பூ அதுதான். சிறுபீளை என்ற இந்தச் செடியை லின்னேயஸ் 1753-ல் அகிராந்தஸ் லனாட்டா என்று விவரித்தார். பின்னர் அது ஏர்வா பேரினத்துக்குப் போனது. நம் பாடநூல்களும் சித்த மருத்துவ நூல்களும் ஏர்வா லனாட்டா என்றே சொல்கின்றன. கியூ தாவரத் தோட்டத்தின் பட்டியல் இப்போது அதை ஔரெட் பேரினத்தில் வைக்கிறது. பேரினம் இரண்டு முறை மாறியும் 'கம்பளி போர்த்திய' என்று பொருள்படும் லனாட்டா மாறவில்லை. லின்னேயஸின் பெயர் பிறைக்குறிக்குள் போய்விட்டது. தாவரவியலில் பிறைக்குறிக்கு வெளியே செடியை இடம் மாற்றியவர் பெயரும் வரும். விலங்கியலில் மாற்றியவரைச் சொல்வதில்லை. முதலில் விவரித்தவருக்கு மட்டுமே இடம். ஆகவே ஒரு சிப்பியை அமுசியத்திலிருந்து நகர்த்தியவர் யார் என்பதைப் பெயரிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. பிறைக்குறியும் போய்விட்டால் நகர்ந்தது என்பதே தெரியாமல் போகும்.

ஏன் இடம் மாறியது

ஸ்மித் அமுசியத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அமுசியம் விசிறி வடிவச் சிப்பிகளில் ஒரு பேரினம். வெளிப்புறம் வழவழப்பாகவும் உட்புறம் வரிவரியான விலாக்களோடும் இருக்கும். நம் கடற்கரைகளில் ஆழம் குறைந்த நீரில் இழுவை வலையில் சிக்கும் அமுசியம் புளூரோநெக்டஸ் இதற்கு எடுத்துக்காட்டு. ஆழ்கடலிலிருந்து வந்த சிப்பியும் வெளியே வழவழப்பு, உள்ளே விலாக்கள். ஓட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றாகச் சேர்க்கத்தான் தோன்றும்.

பிரித்தது வேறொரு நுட்பமான உறுப்பு. விசிறிச் சிப்பிகளின் வலது ஓட்டில், பற்றுநார் வெளிவரும் பள்ளத்தின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போன்ற ஒரு சிறிய வரிசை இருக்கும். தாமஸ் வாலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் இந்தப் பல்வரிசையைக் குடும்ப அளவிலான அடையாளமாக விரிவாக நிறுவினார். அமுசியம் சேர்ந்த பெக்டினிடே குடும்பத்துக்கு அது உண்டு. புரோப்பியாமுசிடே குடும்பத்துக்கு இல்லை. உள்விலாக்கள் இரண்டு குடும்பங்களிலும் தனித்தனியே தோன்றியவை. பேரினப் பெயரிலேயே அமுசியம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால், புரோப்பியாமுசியத்தை அமுசியத்தின் உட்பிரிவு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. அது இப்போது தனிக் குடும்பம்.

கஸ்பிடேரியாவின் கதை வேறு. சேலஞ்சர் அறிக்கையில் இந்த வகைச் சிப்பிகளை ஸ்மித் நியேரா என்ற பேரினத்தில் வைத்தார். நியேரா கிரேக்கத் தொன்மத்து நங்கையின் பெயர். ஆனால் 1830-லேயே ஒரு ஈப் பேரினத்துக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டுவிட்டது. விலங்கியலில் ஈயும் சிப்பியும் ஒரே பெயர்ப் பதிவேட்டில் உள்ளன. ஒரு பேரினப் பெயர் ஒருமுறைதான் பயன்படலாம். ஈ முந்திக்கொண்டதால் சிப்பி அந்தப் பெயரை இழந்தது. 1840-ல் நார்டோ கொடுத்த கஸ்பிடேரியா என்ற பெயரே செல்லும் என்றாயிற்று. 1885-ல் நியேரா என்று எழுதிய அதே ஸ்மித் 1894-ல் கஸ்பிடேரியா என்று எழுதினார். தன் பழைய பயன்பாட்டைத் தானே திருத்திக்கொண்டது அவர் பக்கம் பாராட்ட வேண்டிய செய்தி.

கஸ்பிடேரியா என்ற சொல் கூர்முனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வருவது. சிப்பியின் முன்பக்கம் உருண்டையாக இருக்கும். பின்பக்கம் மூக்கு போல நீண்டிருக்கும். ஆங்கிலத்தில் அகப்பையோடு ஒப்பிடுவார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பார்த்தவர்களுக்கு அதைவிட நல்ல உவமை தேவையில்லை. கிண்ணம், அதிலிருந்து நீளும் மூக்கு. இக்குடும்பத்தில் பெரும்பாலானவை ஓரிரு சென்டிமீட்டரே இருப்பதால், பொம்மை வீட்டுப் பாலாடை என்று கொள்ளலாம்.

வடிகட்டி உண்ணாத சிப்பிகள்

மேலே சொன்ன மூன்றாவது வரிக்கு வருவோம். பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கும் சிப்பி ஆற்றுமட்டியோ கடல்மட்டியோதான். அது செவுள்களால் நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். அந்தப் பொது விதியை எல்லா இருவோட்டுச் சிப்பிகளுக்கும் ஏற்றிவிடுகிறோம். வெளிச்சம் இல்லாத ஆழத்தில், மேலிருந்து விழும் உணவு மிகக் குறைவான இடத்தில், அந்த விதி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

கஸ்பிடேரியா வேட்டையாடும் சிப்பி. சாதாரணச் சிப்பிகளுக்குச் செவுள் இருக்கும் இடத்தில் இதற்குத் துளைகளோடு கூடிய தசைத்தடுப்பு ஒன்று குறுக்கே இருக்கிறது. சேறுக்குள் புதைந்து, மூக்கின் நுனியை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். அருகில் சிறிய ஓட்டுடலி ஒன்று நீந்தினால் அந்த அசைவைக் குழாய் முனையிலுள்ள உணர்விழைகள் அறியும். தசைத்தடுப்பு சட்டென்று உயரும். நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படும். ஊசிபோடும் சிரிஞ்சின் தத்துவம்தான். வயிறும் அரைத்து நொறுக்கும் தசை வயிறு. சேலஞ்சர் பொருள்களை அறுத்துப் பார்த்த பெல்செனீர் 1888-ல் இந்தத் தடுப்பின் அமைப்பை விவரித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பதை யங் 1928-ல் விரிவாக எழுதினார்.

புரோப்பியாமுசியமும் பெரும்பாலும் சிறிய மிதவை விலங்குகளை உண்பது. அதன் செவுள் இழைகள் எளிமையானவை. வடிகட்டும் வேலைக்கு ஏற்ற பின்னல் அவற்றில் இல்லை. உறவில் தொலைவான இரண்டு குடும்பங்கள் ஆழத்தில் தனித்தனியே ஊனுண்ணிகளாக மாறியிருக்கின்றன. இருவோட்டுச் சிப்பிகளின் வரலாற்றிலேயே வியப்பான செய்திகளில் ஒன்று இது. மூன்று வரிப் பதிவு இந்தச் செய்தியைத் தவறவிடுவதோடு நிற்கவில்லை. அதற்கு நேர்மாறானதை எழுதுகிறது. குடும்பப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நூலைப் புரட்டியிருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது.

ஸ்மித்தின் விவரிப்புகளுக்கும் இதே கோணத்தில் ஒரு வரம்பு உண்டு. அவை பெரும்பாலும் ஓட்டின் வடிவம், நிறம், வளைவு, மூட்டுப் பற்கள், அளவு ஆகியவற்றோடு முடிந்துவிடும். உடல் பற்றி எதுவும் இராது. பெல்செனீரின் அறிக்கை வந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் ஸ்மித் ஓட்டியலாளராகவே எழுதினார். ஆனால் ஒவ்வொரு பெயரையும் ஒரு குறிப்பிட்ட பொருளோடும், அது எடுக்கப்பட்ட கடற்பகுதி, ஆழம் ஆகியவற்றோடும் அவர் கட்டிவைத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் வந்து சரிபார்க்க அது போதும். சரிபார்க்க முடியாத அழகான விவரிப்பைவிடச் சரிபார்க்க முடிந்த வறட்சியான விவரிப்பு மேல்.

ஆழத்தைத் தரும்போது ஸ்மித் காலத்து நூல்கள் ஃபேதம் என்ற அலகைப் பயன்படுத்துகின்றன. ஒரு ஃபேதம் ஆறு அடி, அதாவது 1.83 மீட்டர். நம் மீனவர்களின் பாகம் என்ற அளவும் இதே கைவிரிப்பு அளவுதான். ஆகவே தமிழில் பாகம் என்று எழுதி மீட்டரையும் சேர்ப்பது நல்லது. எண்ணை அப்படியே வைத்து அலகை மட்டும் மீட்டர் என்று மாற்றினால் 1,000 பாகம், அதாவது 1,829 மீட்டர் ஆழத்தில் வாழும் சிப்பி பாதி தூரம் மேலே வந்துவிடும்.

தமிழில் என்ன பெயர்

இருவோட்டுச் சிப்பி என்பதை ஈரோட்டுச் சிப்பி என்று சுருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இலக்கணப்படி சரி. கோயமுத்தூரில் சொன்னால் ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்த சிப்பி என்றுதான் நினைப்பார்கள். ஆகவே இக்கட்டுரை இருவோட்டுச் சிப்பி என்றே சொல்கிறது.

சிற்றினங்களுக்குத் தமிழ்ப் பெயர் புனைவதில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. மட்டி, கிளிஞ்சல், முத்துச்சிப்பி போன்றவை மக்கள் கையாண்ட பெயர்கள். ஆயிரம் மீட்டருக்குக் கீழே வாழும் சிப்பியைத் தமிழ் மீனவர் பார்த்ததில்லை. அதற்கு வழக்குப் பெயர் இருக்க முடியாது. அப்படியிருக்க, பதிவின் தலைப்பில் 'அல்காக் சிப்பி' என்று போட்டு அதுவே தமிழ்ப் பெயர் என்று காட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும். புரோப்பியாமுசியத்தை ஆங்கில வழக்கைப் பின்பற்றிக் கண்ணாடிச் சிப்பி என்பதும் குழப்பும். கோவாவில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போலப் பதிக்கப்பட்ட பிளாகுனா என்ற வேறொரு சிப்பி இருக்கிறது. விவரிக்கும் சொல் தேவையானால் புனையலாம். புனைந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

ஒலிபெயர்ப்பில் இன்னொரு இழப்பு. விதித்தொகுப்பின்படி அறிவியல் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டுமே செல்லும். தமிழில் 'அல்காக்கி' என்று எழுதிவிட்டால், மாணவர் அதைத் திரும்ப லத்தீன் எழுத்தில் எழுதப் பல வழிகள் உண்டு. மூன்று ககரங்களில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று எழுத்துகள். அமுசியம் என்பதை ஒற்றைச் சகரத்தோடும் இரட்டைச் சகரத்தோடும் எழுதிய பழைய நூல்கள் உண்டு. தமிழில் அந்த வேறுபாடே தெரியாது. இக்கட்டுரை வாசிப்பு எளிமைக்காக ஒலிப்பை மட்டும் தருகிறது. ஒரு சிற்றினத்துக்கான தனிப்பதிவு அப்படிச் செய்யக்கூடாது. அங்கே முதல் வரியிலேயே மூல எழுத்து வடிவம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதிவிலிருந்து உலகத் தரவுத்தளங்களுக்குப் போகும் பாதை அறுந்துவிடும்.

பீளமேடு 641004

கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள பீளமேட்டில் இருந்துகொண்டு ஆழ்கடல் சிப்பியின் பெயரைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஒரு காரணம் வரலாறு. 1985-ல் சாலி வாக்கர் தொடங்கிய ஜூ அவுட்ரீச் அமைப்பு பல ஆண்டுகள் பீளமேட்டு முகவரியிலிருந்து இயங்கியது. அந்தக் குழுவின் ஜூஸ் பிரிண்ட் ஆய்விதழ் 2009 முதல் அச்சுறு உயிரினங்களுக்கான தனி ஆய்விதழாகப் பெயர் மாறியது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். தென்னிந்தியாவின் புதிய மீன்கள், தவளைகள், பூச்சிகள், செடிகள் என்று பல சிற்றினங்களின் முதல் விவரிப்பு அதில் வந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நன்னீர் உயிர்களின் நிலை பற்றி 2011-ல் ஐயூசிஎன்னுடன் சேர்ந்து இந்தக் குழு வெளியிட்ட மதிப்பீட்டில் நன்னீர்ச் சிப்பிகளும் நத்தைகளும் அடங்கும்.

ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கோவை மாணவர் அந்த இதழின் பக்கங்களில் காசில்லாமல் பார்க்கலாம். பெயர் தாங்கும் மாதிரி எது, எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது, எந்த இடத்தில் யார் எடுத்தது, அருகிலுள்ள சிற்றினங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது, பெயருக்கு என்ன பொருள் என்று அடுக்கப்பட்டிருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள விதித்தொகுப்பின்படி, பெயர் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறிக்காமல் புதிய சிற்றினப் பெயர் வைக்க முடியாது. மின்னிதழில் மட்டும் வெளியாகும் பெயர்கள் 2012 முதல் செல்லும், அதற்குப் பதிவேட்டில் முன்பதிவு வேண்டும். ஸ்மித் விரும்பினால் செய்யலாம் என்றிருந்ததை இன்று செய்தே ஆக வேண்டும். நான் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு புட்டிக்குள் இருந்த சிப்பிக்கு 'பைவால்வ்' என்று மட்டும் சீட்டு ஒட்டியிருந்தது. இடமும் இல்லை, தேதியும் இல்லை. அது அழகான சிப்பி, ஆனால் எதற்கும் சான்றாகாது.

இன்னொரு காரணம் இன்றைய நிலை. ஆழ்கடல் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. மனிதரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் நீர்மூழ்கி சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பில் உருவாகிறது. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோகக் கணுக்களை ஆராயும் உரிமை இந்தியாவிடம் உள்ளது. கணுக்களை வாரினால் அதோடு சேறும், சேற்றிலுள்ள சிப்பிகளும் வாரப்படும். சேதத்தை மதிப்பிட முதலில் அங்கே என்னென்ன வாழ்கின்றன என்ற பட்டியல் வேண்டும். ஒரு சென்டிமீட்டர்ச் சிப்பிக்குப் பெயர் இல்லையென்றால் அது அந்தப் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இல்லாதது அழிந்தாலும் கணக்கில் வராது. வேட்டையாடும் சிப்பியை வடிகட்டும் சிப்பி என்று எழுதிவைத்தால், கலங்கிய சேறு அதை எப்படிப் பாதிக்கும் என்ற கணிப்பும் தவறும்.

இன்வெஸ்டிகேட்டர் பொருள்கள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் பிரிந்தன. கல்கத்தாவில் இருந்தவை 1916-ல் உருவான இந்திய விலங்கியல் அளவைத் துறையிடம் வந்தன. இன்று நிலைமை வேறு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிதாக அறியப்படும் எந்த உயிரினத்தின் மாதிரியையும் அறிவிக்கப்பட்ட தேசியக் காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது. ஆழ்கடல் உயிர்களுக்கு அப்படி அறிவிக்கப்பட்டது கொச்சியிலுள்ள பவசாகரா மையம். கோவையிலிருந்து காலை ரயிலில் போய்வரும் தூரம்.

ஒரு மாதிரிப் பதிவு

இந்தச் சிப்பிக்கு மூன்று வரிக்குப் பதில் என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி கீழே தரப்படுகிறது. இதுவும் குறும்பதிவுதான்.

கஸ்பிடேரியா அல்காக்கி இ. ஏ. ஸ்மித், 1894: கஸ்பிடேரிடே குடும்பத்தைச் சேர்ந்த ஆழ்கடல் இருவோட்டுச் சிப்பி. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் இன்வெஸ்டிகேட்டர் கப்பல் சேகரித்த மெல்லுடலிகளைப் பற்றிய கட்டுரையில் ஸ்மித் விவரித்தார். பெயர் அக்கப்பலின் மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான ஏ. டபிள்யூ. அல்காக்கைக் குறிக்கிறது. புரோப்பியாமுசியம் அல்காக்கி என்பது வேறு குடும்பத்தைச் சேர்ந்த வேறு சிற்றினம். இக்குடும்பச் சிப்பிகளின் ஓடு பின்பக்கம் மூக்காக நீண்டிருக்கும். இவை செவுளால் வடிகட்டாமல், தசைத்தடுப்பின் உதவியால் சிறு விலங்குகளை உறிஞ்சி உண்பவை. தமிழில் வழக்குப் பெயர் இல்லை. ஓட்டின் வடிவம் கருதிப் பாலாடைச் சிப்பி என்று இப்பதிவில் மட்டும் குறிப்பிடப்படுகிறது.